ஊர்ப் பெட்டிச் சாவி கைக்கு வரும்போது

தம்பிகளா, எண்ணூர்க் குப்பம் ஒன்றில் பல வருஷம் ஊர் நிர்வாகத்தில் இருந்துவிட்டு இறங்குகிறவன் எழுதுகிறேன். கோயில் வாசலில் ஊர் கூடி உங்களைத் தேர்ந்தெடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை சாவி உங்கள் கைக்கு வரும். அதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

1. நம் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முகத்துவாரம் தாண்டினால் காட்டுப்பள்ளி. அங்கே 1994ஆம் வருஷச் சட்டப்படி ஊராட்சி மன்றம், தேர்தல், கிராம சபை எல்லாம் உண்டு. நமக்கு அது கிடையாது. நம் ஊர் இருக்கும் கத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து, 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. சாலை, சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் திருவொற்றியூர் மண்டல அலுவலகம் பார்க்க வேண்டிய வேலை. கோயில் திருவிழா, வலைத் தகராறு, சாவு வீட்டுக்கு முதலில் போய் நிற்பது, நிவாரணத்துக்குப் பட்டியல் எழுதுவது, இவைதான் நம் வேலை. இந்தப் பதவியை நமக்குச் சட்டம் கொடுக்கவில்லை, ஊர் கொடுத்திருக்கிறது. ஊர் நம்பவில்லை என்றால் அன்றைக்கே முடிந்தது.

2. பட்டியல். நான் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நம் ஊர்ப் பட்டியலை எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்போது நமக்குத் தெரிந்தது தலைக்கட்டுக் கணக்கு மட்டும்தான். கல்யாணமான ஆண், ஊருக்கு வரி கட்டுகிறவன், அவன் ஒரு தலைக்கட்டு. புருஷன் செத்துத் தாய் வீட்டுக்கு வந்து, கூடை சுமந்து மீன் விற்று இரண்டு பிள்ளைகளை வளர்த்த ஒரு பெண் அந்தக் கணக்கில் வரவில்லை. நானும் எழுதவில்லை. மூன்றாம் நாள் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்டை போடவில்லை. "அண்ணே, என் வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துச்சே"ன்னு மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்ததே, நினைவிருக்கிறதா? வலை, படகு, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்துப் போனது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. 6,700 வீடுகளுக்குத் தலா 7,500 ரூபாய் தனியாக. படகு உள்ளவன் கண்ணுக்குத் தெரிவான். இடுப்பளவு சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவனுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. கருவாடு காயவைக்கிறவள், மீன் வெட்டிக் கொடுக்கிறவள், ஆற்றை நம்பியிருக்கும் இருளர் வீடுகள், இவர்களை அதிகாரிக்கு யார் காட்டுவது? நீங்கள்தான்.

அதனால் ஆபத்து வந்த பிறகு பட்டியல் எழுதாதீர்கள். வருஷா வருஷம், மழைக்கு முன்னால், வீடு வீடாகப் போய் எழுதுங்கள். யார் என்ன தொழில், யார் தனியாக இருக்கிறார்கள், யார் படுத்த படுக்கை. எழுதியதைக் கோயில் சுவரில் ஒட்டிப் பத்து நாள் விடுங்கள். விட்டுப்போன பெயர் தானாக வரும்.

3. பணக் கணக்கைக் கூட்டத்தில் வாய்விட்டுப் படியுங்கள். திருவிழா வரி எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு. ஒரு ரூபாய் குறைந்தாலும் அதையும் சொல்லுங்கள்.

4. தீர்ப்பு சொல்லும் ஆசை வரும். அடக்குங்கள். இரண்டு பேர் வலை ஒன்றோடொன்று சிக்கிக் கிழிந்தால் உட்கார்த்திப் பேசுங்கள், இருவரும் ஒத்துக்கொண்டால் சரி. அதற்குமேல் போய் அபராதம் போடுவது, ஒரு வீட்டை ஊரைவிட்டுத் தள்ளி வைப்பது, சாதி மாறிக் கல்யாணம் செய்த பிள்ளைகளை மிரட்டுவது எதுவும் கூடாது. கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில். சட்டம் கிடக்கட்டும். தள்ளி வைத்த வீட்டில் சாவு விழுந்தபோது தோள் கொடுக்க ஆளில்லாமல் நின்றதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அடி, வெட்டு, பெண்களுக்கு நடக்கும் கொடுமை என்றால் நேரே காவல் நிலையம். சமரசம் பேச நீங்கள் யார்?

5. ஆலை, துறைமுகம், அனல் மின் நிலையம் எது வந்தாலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவார்கள். 2006ஆம் வருஷச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி 30 நாளாவது முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும், மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் தமிழில் கிடைக்க வேண்டும். வாங்கிப் படியுங்கள். நம் வலை விழும் இடத்தை அவர்கள் வரைபடத்தில் என்னவென்று எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பேசுவதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. வாசிக்கும்வரை ஒருவர்கூட எழுந்து போகக் கூடாது. கோபத்தில் பாதியில் வெளியேறியிருக்கிறோம், நாம் சொன்னது பதிவாயிற்றா என்று தெரியாமலே.

6. குப்பை, சாக்கடைக்கு மாநகராட்சிப் புகார் எண் 1913. ஆனால் 2022 விதிகளில் வந்த பகுதி சபை என்று ஒன்று, வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் கூட்டம், இருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள். கவுன்சிலர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் போய் உட்காருங்கள். பதில் வராத மனுவுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

7. பெண்களை நிர்வாகத்தில் சேருங்கள். எங்கள் காலத்தில் சேர்க்கவில்லை, அது தவறு. 2023 டிசம்பர் 26, நடு இரவு, பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது கண்ணெரிச்சலோடு கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளைக் கிளப்பியவர்கள் யார்? பிறகு போராட்டப் பந்தலில் நாள் கணக்காக உட்கார்ந்தவர்கள் யார்? மாநகராட்சியில் பாதி வார்டு பெண்களுக்கு. நம் கோயில் திண்ணையில் ஒரு பெண்ணுக்கும் இடமில்லை என்றால் எப்படி?

8. பெட்டியில் ஒன்பது நோட்டு இருக்கிறது. மிக்ஜாம் தண்ணீரில் நான்கு நனைந்து எழுத்து கலைந்துவிட்டது. தெரிந்தவரை நான் திரும்ப எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு நோட்டு இன்னும் பாக்கி. எல்லாவற்றையும் படம் எடுத்து மூன்று பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை மண்டபத்தில் தரையில் வைக்காதீர்கள். பரணில் இடம் ஒழித்து வைத்திருக்கிறேன்.