பனிக்காலத்தில் ரொறன்ரோ வரும் பெற்றோரின் உடல்நலம்

பேரப்பிள்ளையைப் பார்க்கவும் பிள்ளைகளோடு சில மாதம் இருந்துவிட்டுப் போகவும் ஊரிலிருந்து பெற்றோர் வருகிறார்கள். பலருடைய பயணம் கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான் அமைகிறது. தடித்த மேலங்கியுடன் விமான நிலையத்துக்குப் போகிறோம். ஆனால் எமது ஆயத்தம் பெரும்பாலும் அந்த மேலங்கியோடு முடிந்துவிடுகிறது.

எமக்குத் தெரிந்த ஒரு அம்மா மூன்று மாதத்துக்குரிய பிறசர் குளிசையோடு வந்தார். பயணம் ஐந்து மாதமாக நீண்டது. மகளுக்குச் செலவு வைக்கக்கூடாது என்று ஒன்றுவிட்ட ஒருநாள் குளிசை போட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. மாசி மாதத்தில் ஒரு காலை, தலையிடியும் தலைச்சுற்றுமாகக் குளியலறை வாசலிலேயே இருந்துவிட்டார். மீதிக் குளிசைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் மகளுக்கு விடயம் விளங்கியது. நல்லவேளையாக அவர் சுகமாகி ஊர் திரும்பினார்.

குளிரை நாம் எல்லோரும் கவனிக்கிறோம். பெற்றோர் சொல்லாமல் மறைக்கும் வருத்தத்தைத்தான் கவனிப்பதில்லை.

வருவதற்கு முன்

வருகையாளர்களுக்கு ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்புறுதி கிடையாது. சுப்பர் விசாவில் வருபவர்களுக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சாதாரண வருகையாளர் விசாவுக்கு அது கட்டாயம் இல்லை என்பதால் சிலர் எடுக்காமல் விடுகிறார்கள். அப்படி விடவேண்டாம். காப்புறுதி எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இருதய நோய் போன்றவற்றுக்கு என்ன நிபந்தனை என்று வாசித்துப் பாருங்கள். இருக்கும் வருத்தத்தை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவையான நேரத்தில் கைகொடுக்காது.

வருகையாளர் ஒருவர் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை 90 நாட்களுக்கு மேற்படாத அளவில்தான் தம்முடன் கொண்டுவரலாம். அதற்கு மேல் தங்குவதானால், குளிசை முடியும் வரை காத்திராமல், வந்த முதல் மாதத்திலேயே இங்குள்ள மருத்துவர் ஒருவரைக் காட்டுங்கள். ஊர் மருத்துவரின் சீட்டை மட்டும் வைத்து இங்குள்ள மருந்தகத்தில் மருந்து வாங்க முடியாது. மருந்தின் வர்த்தகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே மூலப்பெயரையும் அளவையும் ஊரிலேயே எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்.

குழப்பம் தரும் இரண்டு விடயங்கள்

முதலாவது, சீனி அளவு. ஊரில் 126 என்று சொல்வதை இங்கே 7 என்பார்கள். ஊர் அளவை 18ஆல் பிரித்தால் கனடா அளவு வரும். இங்குள்ள கருவி 10 என்று காட்டினால் அது ஊரில் 180. “பத்துத்தானே, சீனி குறைந்துவிட்டது” என்று இனிப்புச் சாப்பிட்டால் ஆபத்து.

இரண்டாவது, ஊரில் பனடோல் என்று வாங்கும் பரசிற்றமோல்தான் இங்கே அசிற்றமினோபன் என்ற பெயரில், தைலனோலாக விற்பனையாகிறது. தடிமன் மருந்துகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. வேறு வேறு மருந்தென்று நினைத்து இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஈரல் பாதிக்கப்படலாம்.

வெளியே போகும்போது

வெப்பநிலையை மட்டும் பாராமல் காற்றின் குளிரையும் சேர்த்துப் பாருங்கள். காற்றுக்குளிர் -28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். விரலோ காதோ வெளிறி மரத்துப்போனால் தேய்க்கக்கூடாது. உள்ளே அழைத்து வந்து இளஞ்சூட்டு நீரில் வைத்து, மருத்துவ உதவி நாடுங்கள்.

உறைபனியில் நடக்கும்போது கைகளைச் சட்டைப்பைக்குள் விடாமல், பாதத்தைத் தட்டையாக வைத்து, சிறிய அடிகளாக நடக்கப் பழக்குங்கள். வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடக்க நெடுநாள் ஆகும்.

அப்பாமார் சும்மா இருக்க மனமின்றிப் பனி அள்ள இறங்குவார்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிறசர் ஏறுகிறது. அந்த நேரத்தில் பாரம் தூக்குவது இருதயத்துக்கு இரட்டைச் சுமை. இதை மட்டும் அன்போடு மறித்துவிடுங்கள்.

வீட்டுக்குள்ளே

மார்கழியில் யாழ்ப்பாணத்தில் பகல் சுமார் 11½ மணித்தியாலம். ரொறன்ரோவில் 9 மணித்தியாலத்துக்கும் குறைவு. மாலை ஐந்து மணிக்கு முன்னரே இருட்டிவிடுகிறது. இங்குள்ள பனிக்கால வெயிலில் நமது உடல் போதிய விற்றமின் டியை உண்டாக்குவதில்லை. எவ்வளவு எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வெப்பமூட்டியால் வீட்டுக் காற்று வரண்டுவிடும், ஆனால் தாகம் தெரியாது. குடிக்கச் சுடுநீர் நிரப்பிய போத்தலொன்றைப் பக்கத்தில் வையுங்கள். நீரிழிவால் கால் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. வெப்பமூட்டிக்கு அருகிலோ சுடுநீர்ப் பையிலோ கால் வைத்தால் புண் வந்த பின்தான் தெரியும். இரவில் ஒருமுறை பாதத்தைப் பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வேலைக்கும் பாடசாலைக்கும் போனபின் ஒரு நாள் முழுவதும் சுவரைப் பார்த்திருப்பதும் ஒரு வருத்தம்தான். கடைகள் திறக்குமுன்னரே நடப்பவர்களை உள்ளே விடும் பேரங்காடிகள் உண்டு. ரொறன்ரோ பொது நூலகக் கிளைகள் பலவற்றில் தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

தொலைபேசிக்குப் பக்கத்தில் வீட்டு முகவரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டுங்கள். அவசரத்துக்கு 911. தாதியிடம் ஆலோசனை கேட்க 811. நெஞ்சுநோ, வாய் கோணல், கை கால் இழுப்பு என்றால் பிள்ளை வரும்வரை காத்திராமல் 911ஐ அழைக்க வேண்டும் என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. “சுகமா அம்மா?” என்று கேட்டால் “ஓம், சுகம்தான்” என்றுதான் பதில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, குளிசைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, “உங்களுக்கு என்ன செய்யுது? செலவை யோசியாமல் சொல்லுங்கோ” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மையான பதில் வரும்.