அம்பாப் பாட்டுக்கு எந்த மென்பொருள்?

வகுப்பறைப் பாடல்களைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது என்று ஆசிரியர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. எண்ணும் எழுத்தும் வகுப்புப் பாடல், கலைத் திருவிழா ஒத்திகை என்று எதுவானாலும் செல்பேசியை மேசையில் வைத்து ஒரே மூச்சில் பதிவு செய்துவிடுகிறோம். உரக்கப் பாடும் இரண்டு பிள்ளைகளின் குரல் மட்டும் கேட்கும். கடைசி வரியில் ஒருவர் இருமினால் முதலிலிருந்து பாட வேண்டும்.

இதற்குத் தீர்வுதான் பல்தடப் பதிவு. ஒவ்வொரு குரலையும் தனித்தனி டிராக்கில் பதிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒன்றாக ஒலிக்கச் செய்வது. அமெரிக்க கிடார் கலைஞர் லெஸ் பால் 1948இல் தான் ஒருவரே வாசித்த எட்டுப் பகுதிகளை இசைத்தட்டுகளின் துணையோடு அடுக்கி 'லவர்' என்ற பாடலை வெளியிட்டார். நம் ஊரில் ஏ.ஆர்.ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற பதிவுக்கூடத்தை அமைத்தார். 1992இல் வெளிவந்த 'ரோஜா' பாடல்கள் அங்கே உருவானவை. அன்று அதற்குப் பெரும் பணம் தேவைப்பட்டது. இன்று பள்ளிக் கணினியும் ஒரு யூஎஸ்பி மைக்கும் வயர் உள்ள ஒரு ஹெட்ஃபோனும் போதும்.

திருவொற்றியூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒலி பாடம் நடத்தும்போது எங்களுக்கு இந்தத் தேவை வந்தது. மாணவி ஒருத்தியின் தாத்தா இளவயதில் கரைவலை இழுத்தவர். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு அவருக்குத் தெரியும். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு அதற்கு வடக்கே உள்ள கரையைக் கடல் அரித்துக்கொண்டே வந்ததும், அதைத் தடுக்க இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கல் கொட்டியதும் நாம் அறிந்ததே. கரைவலை இழுக்க மணல் வேண்டும். கல்மேல் நின்று இழுக்க முடியாது. வலை போனால் பாட்டும் போகும். அந்தப் பாட்டைப் பதிவு செய்யலாம் என்று பிள்ளைகளே கேட்டார்கள்.

மென்பொருள்களில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கராஜ்பேண்ட் நல்லதுதான், ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். பேண்ட்லேப் இலவசம், செல்பேசியிலும் ஓடும். ஆனால் வேலை முழுவதும் இணையத்தில் சேமிக்கப்படுகிறது, எங்கள் பள்ளி இணையமோ மதியத்தில் படுத்துவிடும். ரீப்பர் மிகச் சிறியது, பழைய கணினியிலும் வேகமாக ஓடும். 60 நாள் இலவசமாகப் பார்த்துவிட்டுப் பிறகு உரிமம் வாங்க வேண்டும். பாடல்களை முறையாகத் தயாரிக்க விரும்பும் ஆசிரியர் தம் வீட்டுக் கணினிக்கு இதை வாங்கினால் பணம் வீண்போகாது. எல்எம்எம்எஸ் தாளக்கட்டு அமைக்க ஏற்றது, குரல் பதிவுக்கு அல்ல. ஆடாசிட்டி கட்டற்ற மென்பொருள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000ஆம் ஆண்டில் வெளியானது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும், இணையம் தேவையில்லை.

நாங்கள் ஆடாசிட்டியை எடுத்ததற்கு இலவசம் என்பது மட்டும் காரணமில்லை. கராஜ்பேண்ட், பேண்ட்லேப் போன்றவற்றைத் திறந்தவுடன் திரையில் தாளக்கட்டம் வந்து நிற்கும். நிமிடத்துக்கு இத்தனை தட்டு, ஒரு கட்டத்துக்கு நான்கு தட்டு என்று அதுவே முடிவு செய்துவிடும். கானா பாட்டுக்கு அது சரிவரும். அம்பாப் பாட்டுக்கு வராது. வலை கனத்தால் பாட்டு மெதுவாகும், அலை வலையைக் கரைக்குத் தள்ளினால் வேகமாகும். ஆடாசிட்டி திறந்ததும் நொடிக்கணக்கு மட்டுமே காட்டும். பாடுபவர் தம் போக்கில் பாடலாம். மென்பொருளில் என்னென்ன வசதி உண்டு என்று பட்டியல் போடுவதற்கு முன், நம் பாட்டு எந்த மாதிரி என்று பார்ப்பது நல்லது என்பேன்.

தாத்தாவை நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினோம். "வலையை இழுக்காம எப்படி டீச்சர் பாட்டு வரும்?" என்றார். வகுப்பறை ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி நான்கு பிள்ளைகளோடு இழுக்கச் சொன்னோம். பாட்டு வந்தது. இரண்டு இடங்களில் பாதி வரியில் நிறுத்திச் சிரித்தார். அவை கடலில் ஆண்கள் மட்டும் பாடும் வரிகளாம், பிள்ளைகள் முன் பாடமாட்டாராம்.

அவர் குரல் முதல் டிராக். அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே ஐந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக 'ஐலசா' என்று எதிர்ப்பாட்டுச் சேர்த்தார்கள். வகுப்பில் வாய் திறக்காத ஒரு பெண், 'சோலோ' பொத்தானை அழுத்தித் தன் குரலை மட்டும் கேட்டுவிட்டு, தானாகவே அழித்து நான்கு முறை மீண்டும் பாடினாள். குழுவாகப் பதிந்திருந்தால் அவள் குரல் இருந்ததே தெரிந்திருக்காது.

இங்கே தாமதம் என்ற சிக்கலைப் பாடமாகவே நடத்தலாம். ஒலி கணினிக்குள் போய்ப் பதிவாகச் சிறிது நேரம் பிடிப்பதால் இரண்டாவது குரல் முதல் குரலுக்குப் பின்தங்கி விழும். ஆடாசிட்டி இதற்காக 130 மில்லிநொடித் திருத்தத்தோடு வருகிறது. உங்கள் கணினிக்கு அது கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கலாம். சோதிப்பது எளிது. ஒரு 'டிக் டிக்' டிராக்கை உருவாக்கி, ஹெட்ஃபோனை மைக்கோடு ஒட்டி வைத்து, அதை ஒலிக்கவிட்டபடியே இரண்டாம் டிராக்கில் பதியுங்கள். இரண்டு டிக்குகளுக்கும் உள்ள இடைவெளியைத் திரையில் பெரிதாக்கி அளந்து, அமைப்புகளில் அந்த எண்ணைத் திருத்துங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் என்று படித்த பிள்ளைகள், 130 மில்லிநொடியில் அது சுமார் 45 மீட்டர் போயிருக்கும் என்று கணக்கிட்டு, மைதானத்தின் நீளத்தோடு ஒப்பிட்டார்கள். ப்ளூடூத் ஹெட்ஃபோன் வேண்டாம். அதன் தாமதம் தனி.

சேமிப்பையும் கணக்குப் பாடமாக்கலாம். ஆடாசிட்டி வழக்கமாக நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் 4 பைட். அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 10.6 எம்பி. 4 நிமிடப் பாட்டு, 6 டிராக் என்றால் சுமார் 254 எம்பி. பென்டிரைவில் எத்தனை பாட்டு அடங்கும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

எங்கள் பகுதியில் பெரிய தொல்லை கன்டெய்னர் லாரி. எண்ணூர் விரைவு சாலையில் அது ஓயாது. ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டது பாதி உதவியது. பாடத் தொடங்கும் முன் பத்து நொடி யாரும் பேசாமல் அறையின் ஓசையை மட்டும் பதிந்துகொள்ளுங்கள். இரைச்சல் குறைப்பு வசதிக்கு அந்தப் பத்து நொடியைத்தான் மாதிரியாகக் காட்ட வேண்டும். லாரியின் உறுமலுக்கு ஹை-பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் போதும். ஒரேயடியாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஆகிவிடும். தூரத்துக் கப்பல் சங்கு ஒன்று பதிவில் விழுந்திருந்தது. பிள்ளைகள் அதை நீக்க விடவில்லை.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாகத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். ஆடாசிட்டியின் திட்டக் கோப்பு 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஒரே கோப்பாக மாறிவிட்டது. அதற்கு முன் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள் கொண்ட கோப்புறையோடு இருந்தது, நகலெடுக்கும்போது அந்தக் கோப்புறை விட்டுப்போனால் எல்லாம் போனது. பத்து ஆண்டுக்குப் பிறகும் வேறு மென்பொருளில் திறக்க வேவ்தான் நம்பகமானது. கோப்பின் பெயரிலேயே பாட்டு, தேதி, ஊர் இருக்கட்டும்.

வெளியில் பகிரும் முன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கினோம். தாத்தாவிடம் பாட்டைப் போட்டுக் காட்டியே கேட்டோம். நிறுத்திச் சிரித்த இரண்டு இடங்களையும் வெட்டச் சொன்னார். பகிரும் பிரதியில் வெட்டினோம், மூலக் கோப்பில் அப்படியே இருக்கின்றன. அவர் வீட்டு டிவியில் ஓடுவதற்காக ஒரு எம்பி3 பிரதியும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவருடைய கூட்டாளி ஒருவர் தனக்கு வேறு அம்பா தெரியும் என்று பள்ளி வாசலில் வந்து நின்றார்.