நாய் வளர்ப்போர் அறிய வேண்டிய சட்டமும் பொறுப்பும்

சுரண்டை வட்டாரத்தில் ஆட்டுப்பட்டிக்கும் களத்துமேட்டுக்கும் நாய்தான் இரவுக் காவல். ஆனால் அவிழ்த்துவிட்ட நாய் அடுத்தவர் பட்டியில் புகுந்தால், ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு அழிந்துவிடும். நான்கைந்து ஆடு வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அதுவே பிள்ளையின் படிப்புச் செலவு.

திருப்பூர் மாவட்டம் காங்கேயம், வெள்ளகோவில் பகுதிகளில் தெருநாய்கள் ஏராளமான ஆடுகளைக் கடித்துக் கொன்றன. விவசாயிகள் போராடிய பின், 2025ல் தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. நிவாரணம் வாங்கினாலும் போன சினை ஆடு திரும்பாது. எனவே வருமுன் காப்பதே நல்லது.

தெருநாய் எங்கிருந்து வருகிறது?

பெட்டை நாய் பொதுவாக ஆண்டுக்கு இருமுறை பருவத்துக்கு வரும். சினைக் காலம் சுமார் 63 நாட்கள். குட்டி போட்டதும் கடுவன் குட்டிகளைக் கேட்டு ஆள் வரும். பெட்டைக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக் குளக்கரையிலோ சந்தைப் பக்கமோ விட்டுவிடுகிறோம். அவற்றில் பிழைப்பவை ஓர் ஆண்டுக்குள் தாமே குட்டி போடும். பின்னர் பட்டியில் புகும் கூட்டத்தில் நாம் விட்ட குட்டியின் வாரிசும் இருக்கலாம். குட்டி வேண்டாம் என்றால் பெட்டைக்குக் கருத்தடை அறுவை செய்துவிடுவதே வழி.

சட்டம் என்ன சொல்கிறது?

1. தன் வசமுள்ள பிராணியால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி தகுந்த ஏற்பாடு செய்யத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 1-7-2024 முதல் இது நடைமுறையில் உள்ளது. இப்பிரிவு மனிதருக்கு நேரும் ஆபத்து பற்றியது. உங்கள் நாய் அடுத்தவர் ஆட்டைக் கொன்றால், அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடரலாம்.

2. ஆத்திரத்தில் இறைச்சியில் பூச்சிமருந்து கலந்து வைப்பது குற்றம். பிராணியைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அந்த விஷத்தை உங்கள் காவல் நாயே தின்றுவிடவும் கூடும்.

3. பிராணிகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023ன்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போடும் ஏற்பாடு உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. வீட்டு நாய்க்கு இவற்றைச் செய்வது வளர்ப்பவரின் பொறுப்பு.

குட்டி விற்போர் கவனத்திற்கு

நமக்கு அருகிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நல்ல நாட்டு இனங்கள் இருக்கின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005ல் அஞ்சல் தலையே வெளியிடப்பட்டது. இவற்றின் குட்டிகளை விற்று வருமானம் பார்ப்போர் 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளை அறிந்திருக்க வேண்டும். இனப்பெருக்கம் செய்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் நிறையாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தாய்ப்பால் குடித்து, உடன்பிறந்த குட்டிகளோடு பழகி வளர்ந்த குட்டியே நோய் தாங்கும். குணமும் நன்றாக இருக்கும்.

நெருங்கிய இரத்த உறவில் இணை சேர்த்தால் இனம் கெடும். முழு வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளில் சில செவிடாகப் பிறப்பதுண்டு. வாங்கும் முன் குட்டியின் முதுகுப்புறம் நின்று கைதட்டிப் பாருங்கள். காது கேட்காத நாய் காவலுக்கு உதவாது.

இனத்துக்குத் தடை தீர்வாகுமா?

23 வகை நாய்களுக்குத் தடை விதிக்குமாறு மத்திய அரசு 2024 மார்ச்சில் சுற்றறிக்கை அனுப்பியது. கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் மாதத்தில் அதை ரத்து செய்தது. எந்த இனமானாலும் கட்டி வளர்க்காமல் திரியவிட்டால் கெட்டுப்போகும். ஆகவே இனிமேல் எந்தச் சட்டம் வந்தாலும், வளர்ப்பவரைப் பொறுப்பாக்கும் சட்டமே கிராமத்துக்குப் பயன்படும். கிராமத்துக்கு அருகிலேயே கருத்தடை வசதியும் வேண்டும். வசதி செய்யாமல் அபராதம் மட்டும் போட்டால், குளக்கரையில் விடப்படும் குட்டிகள்தாம் பெருகும்.

இன்றே செய்ய வேண்டியவை

* குட்டிக்கு 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்கள். பிறகு மருத்துவர் சொல்லும் நாளிலும், ஆண்டுதோறும் தவறாமலும் போடுங்கள். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினத்தையொட்டி நடக்கும் முகாம்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

* ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தகராறு வந்தால் அதுவே சாட்சி.

* பகலில் நாயைக் கட்டி வையுங்கள். இரவில் வேலிக்குள் மட்டும் அவிழ்த்துவிடுங்கள்.

* செத்த கோழி, ஆட்டுக் கழிவுகளை வெளியில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். இரத்த ருசி கண்ட நாய் பட்டியைத் தேடி வரும்.

* நாய் கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கு ஊசி இலவசம். எல்லாத் தவணைகளையும் முடியுங்கள். நோய்க்குறி தோன்றிய பின் பிழைப்பது மிக மிக அரிது.

* ஆடு, மாடு கடிபட்டாலும் காயத்தை அவ்வாறே கழுவி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கடிபட்ட பசுவின் பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

தெருநாய்த் தொல்லையை ஒருவர் மட்டும் சொல்வதைவிட, ஆடு வளர்ப்போர் சேர்ந்து கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்வது நல்லது. அப்படிக் கேட்கும் முன், நம் வீட்டு நாய்க்கு ஊசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்வோம்.