இரண்டாம் தளத்துச் சத்தம்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஹெல்சின்கி குளிரைப் பற்றி நீ எழுதியதெல்லாம் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில், "இங்கே 'ஓடி' நூலகத்தில் தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிறது சார், இதையெல்லாம் நூலகம் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருக்கிறாயே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நூலகவியல் படித்த பெண் கேட்கிற கேள்வியா இது?

சத்தம்தான் குறை என்றால், கட்டியவர்கள் அதை முன்பே யோசித்துவிட்டார்கள். 2018 டிசம்பரில் திறந்தபோதே புத்தகங்களை மூன்றாம் தளத்துக்கு ஏற்றிவிட்டு, தையல் மெஷின், 3டி பிரிண்டர், இசைப்பதிவு அறை எல்லாவற்றையும் இரண்டாம் தளத்தில் வைத்தார்கள். (நம் ஊர்க் கணக்கில் அது முதல் மாடி.) படிக்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு மாடி ஏறு.

நூலகம் புத்தகத்தோடு மட்டும் நின்றது எந்தக் காலத்தில்? 1889-இல் அமெரிக்காவின் பிராடக் ஊரில் ஆண்ட்ரூ கார்னகி கட்டித் தந்த நூலகத்தில், எஃகு ஆலைத் தொழிலாளிகள் குளிக்க இடம் இருந்தது. கரி படிந்த கையோடு புத்தகத்தைத் தொடக் கூடாது என்ற கவலையோ என்னவோ!

இந்த மாதிரிப் பட்டறைகளை நியாயப்படுத்த எல்லோரும் நூலகவியல் மேதை ரங்கநாதனின் ஐந்தாம் விதியைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நூலகம் வளர்வது, அதனால் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாமாம். சோம்பேறி வாதம். அதை வைத்துக்கொண்டு நூலகத்தில் பரோட்டாக் கடைகூடப் போடலாம்.

என் கட்சி வேறு. 1924-இல் மாநிலக் கல்லூரிக் கணக்கு வாத்தியாராக இருந்த ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத் தொழில் கற்க லண்டன் போனார். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூயியின் தசம வகைப்பாடு அவர் மனதில் ஒட்டவில்லை. எல்லாப் பொருளுக்கும் முன்கூட்டியே அறை கட்டி வைத்தால், நாளை பிறக்கும் பொருளை எங்கே குடிவைப்பது? அந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ செட்டைச் செய்து காட்டுவதைப் பார்த்தார். துளை போட்ட உலோகப் பட்டைகள், தண்டுகள், சக்கரங்கள், திருகுகள், நட்டுகள். அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டப் பூட்ட வேறு வேறு பொம்மைகள். பொறி தட்டியது. பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, புத்தகம் வந்தபிறகு வேண்டியதைப் பூட்டிக்கொள்ளலாமே! கூறுகளை இணைக்கத் திருகுக்குப் பதில் முக்காற்புள்ளி, அதாவது கோலன். 1933-இல் வெளியான கோலன் வகைப்பாடு அப்படிப் பிறந்தது.

தேர்வுக்கு நீ இதைப் படித்திருக்கிறாய். பாடப்புத்தகம் பொம்மைக் கடையை ஒரு வரியில் தாண்டிவிடும். என்னைக் கேட்டால் அந்தக் கடைதான் பாடம். நம் துறையில் ஒரு தமிழர் செய்த மிகப் பெரிய காரியத்துக்கு விதை, யாரோ கையால் பூட்டிக் கழற்றியதைப் பார்த்ததில் கிடைத்தது. அப்படியிருக்க, பூட்டிக் கழற்றும் மேசைக்கு நூலகத்தில் இடமில்லை என்கிறாய்.

குறை சொல்வதற்கு முன் ஒரு பொருளாவது செய்துவிட்டு வா. ஜெராக்ஸ் கடையில் தாளை நீட்டுவதுபோல கணினிக் கோப்பை நீட்டிவிட்டு நின்றால் ஒன்றும் கற்கமாட்டாய். ஊழியர்கள் வழி சொல்வார்கள். செய்ய வேண்டியது நீ.

கோட்டு மாட்ட ஒரு கொக்கி செய். சுவரில் ஒட்டும் தட்டைப் பக்கத்தைக் கீழே வைத்து அச்சிடத்தான் கை போகும். வேண்டாம். 3டி பிரிண்டர் படலத்தின் மேல் படலமாகக் கட்டுகிறது. இரண்டு படலம் சேரும் இடம்தான் பலவீனம். அப்படி அச்சிட்டால் கொக்கியின் கழுத்துக்குக் குறுக்கே படலங்கள் வரும், உன் குளிர்கால கோட்டை மாட்டிய உடனே கழுத்து முறியும். பக்கவாட்டில் படுக்கவைத்து அச்சிடு. பி.எல்.ஏ. பிளாஸ்டிக் இழையில் செய்தால் சௌனா வெப்ப அறையில் மாட்டாதே, 60 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கிவிடும்.

அளவில் ஆசைப்படாதே. நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் கன அளவு எட்டு மடங்கு. நேரமும் ஏறக்குறைய அப்படியே ஏறும். உனக்கு அடுத்துப் பதிவு செய்தவர் வாசலில் நிற்பார். பொதுச் சொத்தில் இந்தக் கணக்கு தெரியாமல் உட்காருவது அநாகரிகம்.

லேசர் வெட்டும் மெஷின் பக்கம் போனால், எந்தப் பொருள் என்று உறுதியாகத் தெரியாததை உள்ளே வைக்காதே. ரெக்சின் பெரும்பாலும் பி.வி.சி.; லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, மெஷினும் துருப்பிடித்துப் போகும். தையல் மெஷினில் ஊசி வளைந்தால் அப்படியே விட்டு எழுந்து வராமல் ஊழியரிடம் சொல்.

கொக்கியைப் படம் எடுத்து அனுப்பு. முறிந்திருந்தால் முறிந்த இடம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்