சொந்தச் சம்பளம் இல்லாத ஊர்

இஸ்ரேலின் கூட்டுவாழ்வு ஊரான கிப்புட்ஸில் யாருக்கும் தனிச் சம்பளமே கிடையாதாமே, அப்படி ஓர் ஊர் நிஜமாகவே நடந்ததா? (வாசகர், கும்பகோணம்)

நடந்தது, அதுவும் ஏறக்குறைய நூறு வருடம்! கலிலேயக் கடலின் தென்கரையில் 1910இல் பத்து ஆண்களும் இரண்டு பெண்களும் தொடங்கிய தெகானியாதான் முதல் கிப்புட்ஸ். நிலத்தை யூத தேசிய நிதியம் வாங்கியது. வருமானமெல்லாம் பொதுக் கணக்குக்குப் போகும், சாப்பாடும் பொதுக்கூடத்தில்தான்.

சமத்துவம் பேசியவர்கள் பெண்களை மட்டும் சமையலுக்கும் துணி துவைக்கவும் அனுப்பினார்கள். அங்கிருந்த மிரியம் பாராட்ஸ் என்ற பெண் விடவில்லை. பால் கறக்கக் கற்றுக்கொண்டு மாட்டுத்தொழுவ வேலையைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். தெகானியாக்காரர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் அவர்தான்.

2007இல் தெகானியா உறுப்பினர்கள் வாக்களித்து, அவரவர் சம்பளம் அவரவருக்கே என்று மாற்றிக்கொண்டார்கள். நலிந்தவர்களைத் தாங்க, சம்பாதிப்பவர்கள் இன்றும் ஊருக்கு வரி கட்டுகிறார்கள்.