விடியும்வரை காத்திராத சூசையப்பர்

புனித சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தையேனும் நற்செய்திகளில் இல்லை. அவர் செய்தவையே உள்ளன. ஏரோது பாலனைக் கொல்லத் தேடுவான் என்று வானதூதர் கனவில் அறிவித்ததும், அவர் எழுந்து, அன்றிரவே பாலனையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார் (மத். 2:14). எத்தனை காலம் அங்கே என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. விடியட்டும் என்றும் அவர் இருக்கவில்லை. 1870இல் பாப்பரசர் 9ஆம் பத்திநாதர் திருச்சபை முழுவதற்கும் பாதுகாவலராக அறிவித்தது இவரையே.

நமக்குக் கனவு வேண்டியதில்லை, கட்டளை தெரியும். காணி எல்லைக்காகப் பகைத்த சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். வேலையாளின் கூலியைக் கொடுக்க வேண்டும். நாமோ, "பெருநாள் வரட்டும், பார்ப்போம்" என்கிறோம். அதற்குள் சாவுச் செய்தி வந்தால், பிரேதப் பெட்டியருகே அழுவது ஒப்புரவாகுமா? இன்றே, குடும்பச் செபமாலைக்கு முன், அவ்வீட்டுப் படலையைத் தட்டுங்கள்.