வாசலில் ஒரு புள்ளி: தினமும் 15 நிமிடம் கோலம் போட்டுப் படைப்பாற்றலை வளர்க்க முழுமையான வழிகாட்டி

“எனக்கு வரையவெல்லாம் வராதுங்க.” படைப்பாற்றல் என்று பேச்செடுத்தாலே நம்மில் பலர் சொல்வது இதுதான். சொல்பவரின் வீட்டு வாசலைப் பார்த்தால் பல நேரம் அங்கே ஒரு கோலம் இருக்கும். அன்று காலை அந்த வீட்டில் யாரோ புள்ளி எண்ணி, வளைவைத் திட்டமிட்டு, ஒரு வடிவத்தை முடித்திருக்கிறார். அதை யாரும் படைப்பு என்று கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

நாம் அங்கிருந்தே தொடங்கலாம். இந்த வழிகாட்டி கோலத்தை ஒருநாளும் தொட்டிராதவர்களுக்கானது. ஆண், பெண், சிறுவர், ஓய்வு பெற்றவர் என யாரும் வரலாம். தேவை நான்கு வாரம், நாளுக்கு 15 நிமிடம், 200 ரூபாய்க்குள் செலவு.

ஏன் கோலம்?

புதிதாக ஒன்றைச் செய்ய வருபவரை மூன்று தடைகள் மறிக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாது. தொடங்கியதைத் தொடர முடியாது. தப்பாகிவிடுமோ என்ற பயம் போகாது.

கோலத்தில் மூன்றுக்கும் வழி இருக்கிறது. புள்ளி வைத்தவுடனே தொடக்கம் கிடைத்துவிடும். வாசலில் தினமும் பொழுது விடியும் என்பதால் பழக்கம் தானாக அமையும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய கோலத்தை நாளைக் காலை நாமே பெருக்கிவிடப் போகிறோம். அழியப்போவதில் தப்பு வந்தால் என்ன? அந்த நிம்மதி வந்த பிறகுதான் கை துணிந்து புதிதாக எதையும் முயலும்.

மனத்துக்கும் இதில் பயன் உண்டு. அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், 39 பேர் 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, வெட்டி ஒட்டும் காகிதம் போன்றவற்றைக் கொண்டு விருப்பப்படி எதையாவது செய்தார்கள். அவர்களில் சுமார் 75 சதவீதம் பேருக்கு மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது இதில் பெரிய வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. கோலத்தை வைத்துச் செய்த ஆய்வல்ல இது. ஆனாலும் ‘எனக்கு வராது’ என்று ஒதுங்கி நிற்பவர்களுக்கு நல்ல செய்தி.

என்னென்ன வகை?

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும். தொடங்குபவருக்கு இந்த நான்கும் தெரிந்தால் போதும்.

புள்ளிக் கோலம்: புள்ளிகளைக் கோட்டால் இணைத்துப் பூ, நட்சத்திரம், பறவை என வரைவது.

சிக்குக் கோலம்: கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றி வளைந்து செல்வது. நெளிக்கோலம், கம்பிக் கோலம் என்றும் சொல்வார்கள்.

படிக்கோலம்: புள்ளியில்லாமல், இணையான நேர்கோடுகளால் கட்டம் கட்டமாக விரிவது.

மாக்கோலம்: ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைக் கரைத்து, துணியை நனைத்து விரல் வழியே இழை இழையாக இடுவது. விசேஷ நாட்களில் சுற்றிலும் காவி பூசுவார்கள்.

நாம் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

என்ன வாங்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?

விலை இடத்துக்கு இடம் மாறும். தோராயக் கணக்கு இது.

- கட்டம் போட்ட கணக்கு நோட்டு: 40 முதல் 60 ரூபாய்
- பென்சில், ரப்பர்: 15 ரூபாய்
- கோலமாவு ஒரு கிலோ: 20 முதல் 40 ரூபாய்
- பச்சரிசி மாவு கால் கிலோ: 15 முதல் 25 ரூபாய்
- மூடி போட்ட டப்பா: சமையலறையில் காலியாக இருப்பதே போதும்

கடையில் கிடைக்கும் கோலமாவு பெரும்பாலும் வெள்ளைக்கல் பொடி. கொஞ்சம் நறநறவென்று இருப்பதால் விரலிலிருந்து சீராக விழும். அரிசி மாவு மிருதுவாக இருப்பதால் புதியவர் கையில் கட்டிக்கட்டியாக விழும். ஆனால் எறும்புக்கும் குருவிக்கும் உணவாகும். முதலில் கல்மாவில் கை பழகிவிட்டு, பிறகு அரிசி மாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கலர் பொடி, அச்சு, துளையிட்ட குழல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அவை வேலையை எளிதாக்கும். நமக்கு வேண்டியதோ கைப்பழக்கம்.

முதல் வாரம்: நோட்டில் புள்ளி

தரைக்குப் போகும் அவசரம் வேண்டாம். ஒரு வாரம் நோட்டிலேயே இருப்போம்.

முதல் மூன்று நாள் நேர்ப்புள்ளி. நடுவில் 7 புள்ளி வைக்கிறோம். அதற்கு மேலும் கீழும், இரு ஓரத்திலும் ஒவ்வொன்றை விட்டுவிட்டு, நேருக்கு நேராக 5, பிறகு 3, பிறகு 1. மொத்தம் 25 புள்ளி. கோலப் புத்தகத்தில் இதை ‘7 புள்ளி, 1இல் முடிக்கவும், நேர்ப்புள்ளி’ என்று போட்டிருப்பார்கள்.

அடுத்த மூன்று நாள் இடைப்புள்ளி. நடுவில் 7. அடுத்த வரிசைப் புள்ளிகள் முந்தைய வரிசையின் இடைவெளிகளில் உட்கார வேண்டும். 7க்கு மேலும் கீழும் 6, அடுத்து 5, அடுத்து 4. இது ‘7 புள்ளி, 4இல் நிறுத்தவும், இடைப்புள்ளி’. மொத்தம் 37. சந்துப்புள்ளி, ஊடுபுள்ளி என்றும் அழைப்பதுண்டு.

வாரக் கடைசியில் முதல் கோலம். இடைப்புள்ளியில் 2, 3, 2 என்று ஏழு புள்ளி வையுங்கள். நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை இணைத்தால் ஒரு முக்கோணம். மீதி மூன்றை இணைத்தால் இன்னொன்று. ஆறுமுனை நட்சத்திரம் வந்துவிட்டது.

இரண்டாம் வாரம்: நோட்டில் சிக்கு

இந்த வாரம்தான் சுவையானது. விதிகள் மூன்று: கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் நிற்கக் கூடாது, தொடங்கிய இடத்தில் கோடு வந்து சேர வேண்டும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பும்.

1. இரண்டு புள்ளி. சுற்றினால் படுத்த எட்டு போல வரும்.
2. ஒரே வரிசையில் மூன்று புள்ளி. சங்கிலி போல வரும்.
3. இரண்டு வரிசை, வரிசைக்கு இரண்டு புள்ளி. இங்கே ஒரு கோடு போதாது. மூலைக்கு மூலை குறுக்காகக் கிடக்கும் இரண்டு நீள்வட்டங்கள் வரும்.
4. இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. பென்சிலை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியும்.

ஏன் ஒன்றில் இரண்டு கோடு, மற்றதில் ஒன்று? எல்லா இடைவெளியிலும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் செவ்வகச் சிக்கில், வரிசை எண்ணிக்கைக்கும் வரிசைக்குள்ள புள்ளி எண்ணிக்கைக்கும் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள் வரும். 3க்கு 4 என்றால் ஒன்று. 4க்கு 6 என்றால் இரண்டு. 3க்கு 3 என்றால் மூன்று. ஆறாம் வகுப்புக் கணக்கு வாசலில் வந்து நிற்கிறது.

இந்த ஒழுங்கு அறிஞர்களையும் ஈர்த்திருக்கிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

மூன்றாம் வாரம்: தரையில் இறங்குவோம்

வரிசையாகச் செய்வோம்.

1. இரண்டடிக்கு இரண்டடி இடத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளியுங்கள். தேங்க விடாதீர்கள். லேசான ஈரத்தில்தான் மாவு பிடிக்கும்.
2. கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றாலும் ஒரு சிட்டிகை எடுங்கள். தரைக்கு ஓர் அங்குலம் மேலே கையை வைத்து, கட்டைவிரலால் ஆள்காட்டிவிரலைத் தேய்த்தபடி மாவை விடுங்கள்.
3. முதல் இரண்டு நாள் நேர்கோடும் வட்டமும் மட்டும். கோடு தடித்தால் கை மெதுவாக நகர்கிறது என்று பொருள். அறுந்தால் வேகமாகப் போகிறது.
4. மூன்றாம் நாள் புள்ளி. நடு வரிசையை முதலில் வைத்து, அங்கிருந்து மேலும் கீழும் போங்கள். புள்ளி கோணினால் கோலம் கோணும்.
5. நான்காம் நாள் ஏழு புள்ளி நட்சத்திரம். அதன்பின் நோட்டில் போட்ட சிக்குகள், அதே வரிசையில்.

வளைவில் மணிக்கட்டை மட்டும் திருப்பாமல் முழங்கையோடு சேர்த்து நகர்த்துங்கள். தரையில் போடும் முதல் வாரக் கோலங்கள் நடுங்கித்தான் இருக்கும். நாளைக்குப் பெருக்கிவிடப் போகிறோம். அடுத்த கோலத்துக்குப் போவோம்.

நான்காம் வாரம்: நம் சொந்தக் கோலம்

இதுவரை பார்த்துப் போட்டோம். இனி மாற்றிப் போடுவோம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம்.

இரண்டுக்கு இரண்டு சிக்கை எடுங்கள். அதில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் நான்கு. ஏதாவது ஓரிடத்தில் மட்டும் வெட்டாமல், இரு கோடுகளையும் வளைத்துத் திருப்பிவிடுங்கள். இரண்டாக இருந்த கோடு ஒன்றாகிவிடும்! எந்த இடம், எந்தப் பக்கம் என்பது உங்கள் தீர்மானம். சொந்தக் கோலம் அந்தத் தீர்மானத்தில் பிறக்கிறது.

அடுத்து மூன்றுக்கு மூன்று. மூன்று கோடுகள் வரும். எந்த இரண்டு இடங்களில் திருப்பினால் எல்லாம் ஒரே கோடாகும்? நோட்டில் தேடிப் பாருங்கள். இந்தத் தேடலில் பத்து நிமிடம் போவதே தெரியாது.

பிறகு கண்ணில் பட்டதைக் கொண்டுவரலாம். ஜன்னல் கம்பியின் வளைவு, சேலையின் கரை, முருங்கையிலையின் அடுக்கு. ஒன்றை மட்டும் எடுத்துப் புள்ளிக்குள் அடக்கிப் பாருங்கள். சில நாளில் தெருவில் நடக்கும்போதே கண் வடிவங்களைத் தேடத் தொடங்கும். படைப்பாற்றல் வளர்கிறது என்பதற்கு நான் அறிந்த நல்ல அடையாளம் அதுதான்.

வாசல் இல்லையே?

அடுக்குமாடியில் இருப்பவர்கள் கதவுக்கு முன்னால் ஒன்றரை அடி இடம் எடுத்துக்கொள்ளலாம். பொது வழியாக இருந்தால் குடியிருப்போர் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் பெரிய தாம்பாளம், கறுப்புச் சார்ட் ஒட்டிய அட்டை, சிலேட்டுப் பலகை எதுவும் உதவும். காலை ஷிஃப்டுக்கு ஓடுபவர்கள் இரவில் போடலாம். நோட்டோடு நிறுத்திக்கொண்டாலும் பழக்கம் பழக்கம்தான்.

கவனம்

- கல்மாவு தூசி கண்ணுக்கும் மூச்சுக்கும் நல்லதல்ல. ஊதாதீர்கள், முகத்தருகே கொட்டாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் நோட்டில் பழகலாம், அல்லது கரைத்த அரிசி மாவில் போடலாம்.
- வழவழப்பான டைல்ஸில் மாவும் ஈரமும் சேர்ந்தால் வழுக்கும். நடைபாதையை விட்டு ஓரமாகப் போடுங்கள்.
- முழங்கால் அல்லது இடுப்பு வலி இருந்தால் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து போடுங்கள்.
- தெருவில் போடும்போது வண்டி வரும் திசையைப் பார்த்தபடி இருங்கள்.
- சிறு குழந்தைகளுக்கு அரிசி மாவு மட்டும் கொடுங்கள். கலர் பொடி வாய்க்குப் போகக் கூடாது.
- இன்ஸ்டாகிராமில் 50 புள்ளிக் கோலத்தைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம். அது பல ஆண்டுப் பழக்கத்தில் வந்தது.
- மனச்சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கோலம் துணையிருக்கும், சிகிச்சைக்கு ஈடாகாது.

பழக்கம் நிலைக்க

ஏற்கெனவே உள்ள ஒரு வேலையோடு இதைக் கட்டிவிடுங்கள். பால் காய்ச்சும் முன், வாசல் பெருக்கிய பின் என நேரம் ஒன்றாகவே இருக்கட்டும்.

நோட்டில் தேதி, புள்ளிக் கணக்கு, இன்று மாற்றிய ஒரு விஷயம் ஆகிய மூன்றை மட்டும் குறியுங்கள். போட்டோ வாரத்துக்கு ஒன்று போதும். ஒரு நாள் தவறினால் மறுநாள் மூன்று புள்ளிக் கோலம் போட்டுத் தொடருங்கள்.

அக்கம்பக்கத்தில் நன்றாகக் கோலம் போடும் அக்காவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள். அவர்கள் கையிலுள்ள கோலங்கள் பல எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மார்கழியில் விடியற்காலை தெருவைச் சுற்றி வாருங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜனவரியில் மயிலாப்பூர் விழாவையொட்டி வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டியைப் போய்ப் பார்க்கலாம்.

நாளைக் காலை

நான்கு வாரம் முடிந்தபின் கையில் மிஞ்சுவது ஒரு நோட்டு மட்டும். தரையில் போட்டதெல்லாம் போயிருக்கும். ஆனால் தப்பாகுமே என்று தயங்கிய கை, ‘மாற்றித்தான் பார்ப்போமே’ என்று நீளும். அந்தத் துணிவு சமையலுக்கு வரும், அலுவலக வேலைக்கு வரும், பிள்ளைக்குச் சொல்லும் கதைக்கும் வரும்.

நாளைக் காலை நோட்டைத் திறந்து நடுவில் ஏழு புள்ளி வையுங்கள். மீதியைப் புள்ளிகள் பார்த்துக்கொள்ளும்.